சோப்புப் பாடத்துக்கு எது நல்லது: பழைய படமா, புது அனிமேஷனா, மூன்று பாட்டில் தண்ணீரா?

எட்டாம் வகுப்பில் பரப்பு இழுவிசை (தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துப் பிடித்த தோல்போல நடந்துகொள்வது), பத்தாம் வகுப்பில் சோப்பும் டிடர்ஜென்ட்டும். இந்தப் பாடங்கள் நெருங்கும்போதெல்லாம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆசிரியர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "சார், இணையத்துல பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் நிறையக் கிடக்குது. சோப்பு எப்படி அழுக்கை எடுக்குதுன்னு பத்து நிமிஷத்துல காட்டிடுறாங்க. அதைப் போடலாமா? இல்ல, தமிழ்லயே வந்திருக்கிற அனிமேஷன் போதுமா? இல்ல, எல்லாத்தையும் விட்டுட்டு பக்கெட்டும் தண்ணியுமா இறங்கிடட்டுமா?"

மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மூன்றுமே நல்லவைதான், ஆனால் ஒரே வேலைக்கு இல்லை. கையில் இருப்பது நாற்பது நிமிடப் பாடவேளை. அதில் எதற்கு இடம் கொடுப்பது என்று முடிவெடுக்க வேண்டுமானால், எது எதைச் செய்யும், எது எதைச் செய்யாது என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

படங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1923-இல் கோடாக் நிறுவனம் 16 மில்லிமீட்டர் படச்சுருளைக் கொண்டுவந்தது. எளிதில் தீப்பற்றாத சுருள், சின்ன புரொஜெக்டர். அதனால் சினிமாக் கொட்டகையில் இருந்த படம் வகுப்பறைக்குள் வந்தது. 400 அடிச் சுருள் ஒன்று ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். பழைய கல்விப் படங்கள் பலவும் பத்துப் பதினொரு நிமிடத்தில் முடிவதற்கு இதுதான் காரணம். அமெரிக்காவில் கோரனெட், என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா பிலிம்ஸ் போன்ற நிறுவனங்கள் பள்ளிக்கூடங்களுக்கென்றே நூற்றுக்கணக்கில் எடுத்தன. வீடியோ வந்ததும் இவை குப்பைக்குப் போகத் தொடங்கின. 1980-களில் ரிக் பிரெலிங்கர் என்பவர் இவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். அந்தச் சேகரத்தை 2002-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வாங்கிக்கொண்டது. அதில் ஒரு பகுதி இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நம் நாட்டில் 1948-இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் இந்த வேலையைச் செய்தது. டூரிங் டாக்கீஸில் மெயின் படத்துக்கு முன்னால் கட்டாயமாக ஓடிய செய்திப் படங்களை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து விஷயம் பார்க்கிறேன். நடப்பது உண்மையான பொருளில் கண்ணுக்குத் தெரிகிறதா? சொல்லும் அறிவியல் இன்றைக்கும் சரிதானா? பிள்ளைக்குப் புரியும் மொழியா? வெளியே தெரியாத செலவு என்ன? இந்த நான்கும் எந்த ஊர் ஆசிரியரும் கேட்பவைதான்.

ஐந்தாவது நம் ஊருக்கே உரியது. காட்டுவது நம் தண்ணீருக்குப் பொருந்துமா?

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நம் இரண்டு மாவட்டங்களிலும் பாறைக்கு நடுவே ஆழத்தில் இருந்து வரும் போர் தண்ணீரில் பல இடங்களில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கூடுதல். இதைத்தான் தண்ணீரின் கடினத்தன்மை என்கிறோம். குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். இப்படிப்பட்ட தண்ணீரில் சோப்பைப் போட்டால் முதலில் போட்ட சோப்பு அழுக்குப் பக்கமே போகாது. கால்சியத்தோடு சேர்ந்து, தயிர் திரிந்ததைப் போல வெள்ளைத் திரியாக மிதக்கும். அந்த உப்பெல்லாம் தீர்ந்த பிறகுதான் நுரையே வரும். படத்திலோ அனிமேஷனிலோ சோப்பைத் தேய்த்ததும் நுரை பொங்கும். வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது பிள்ளை பார்ப்பது வேறு. இரண்டும் ஒத்துவராவிட்டால், பாடத்தைப் பரீட்சைக்கு வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் விட்டுவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் தண்ணீர் என்றாலே புளோரைடு ஞாபகம் வரும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் கடினத்தன்மை வேறு, புளோரைடு வேறு. நுரை நன்றாக வந்தால் புளோரைடு இல்லை என்று பொருளாகாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்து குறையும், புளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் அதன் அளவு கொஞ்சம் கூடவே செய்யும். பிள்ளைகள் இந்த இரண்டையும் கலந்துவிடுகிறார்கள், எந்த முறையில் பாடம் நடத்தினாலும் இதைப் பிரித்துச் சொல்லாமல் விடக் கூடாது.

## பழைய படம், முழுதாக

இந்தப் படங்களின் பெரிய பலம் நிதானம். ஒரு பொருளைக் காட்டினால் அதன்மேலேயே கேமரா நிற்கும். கண்ணாடிக் குவளை, துணி, எண்ணெய், தண்ணீர் எல்லாம் நிஜம். இன்றைய வீடியோக்களில் இரண்டு விநாடிக்கு ஒரு வெட்டு. அதற்குப் பழகிய பிள்ளைகள்கூட இந்த நிதானத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இவற்றில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று சோதனைக்கூடப் படம்: குவளையும் கையும் விளக்கமும் மட்டும். மற்றது கதைப் படம். 1951-இல் வந்த 'சோப்பி தி ஜெர்ம் ஃபைட்டர்' என்ற படத்தில் குளிக்கப் பிடிக்காத பில்லி என்ற பையனிடம் ஆளுயரச் சோப்புக்கட்டி ஒன்று வந்து பேசும். 1945-இல் லத்தீன் அமெரிக்க நாடுகளுக்காக டிஸ்னி எடுத்த ஒரு சுகாதாரப் படம், சுத்தமான குடும்பம் ஒன்றையும் கவனமில்லாத குடும்பம் ஒன்றையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடும். கதைப் படத்தைச் சின்னப் பிள்ளைகள் ரசிப்பார்கள். வகுப்பில் போடும் முன் மிக யோசிக்க வேண்டியதும் அதைத்தான்.

ஏன் என்றால், இவற்றின் மறைந்த செலவு பணத்தில் இல்லை.

முதல் செலவு, வெட்கம். அழுக்காக இருப்பவன் சோம்பேறி, சுத்தமாக இருப்பவன் நல்லவன் என்பதுதான் அந்தக் காலக் கதைப் படங்களின் அடிப்படை. வாரத்துக்கு இரண்டு நாள் குழாயில் தண்ணீர் வரும் ஊரிலிருந்து, குடம் தூக்கிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அதன் சட்டைக் கறை சோம்பலால் வந்தது இல்லை. துணி வெளுப்பதையும் தெரு பெருக்குவதையும் சாதியோடு கட்டிவைத்த ஊர்கள் நம்முடையவை என்பதையும் ஆசிரியர் மறக்கக் கூடாது. ஒரு படம் ஓடி முடிந்ததும் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையைப் பார்த்து யாராவது சிரித்தால், அந்தப் பத்து நிமிடத்தில் கற்றதைவிட இழந்தது அதிகம். இந்த ஒரு காரணத்துக்காகவே ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குக் கதைப் படம் வேண்டாம் என்பேன்.

இரண்டாவது, அறிவியல் பழசானது. சோப்பின் அடிப்படை வேலையை இவை சரியாகத்தான் சொல்கின்றன. ஆனால் 'கிருமியைக் கொல்லும்' என்று அடிக்கடி சொல்வார்கள். சோப்பு பெரும்பாலும் கிருமியைக் கையிலிருந்து பெயர்த்துத் தண்ணீரோடு அனுப்புகிறது. கொரோனா போன்ற, கொழுப்புறை உள்ள வைரஸ்களைச் சிதைக்கவும் செய்கிறது. 'கிருமிநாசினி' என்று தனியாகச் சேர்த்த டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருட்களை, சாதாரண சோப்பைவிட மேலானவை என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி 2016-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வீட்டுச் சோப்புகளிலிருந்து விலக்கியது. அப்புறம் கறை எடுக்கும் பகுதி. அந்தக் காலத்தில் கார்பன் டெட்ராகுளோரைடு வீட்டில் வைத்திருந்த சாதாரணக் கறைநீக்கி. ஈரலைக் கெடுக்கும் அந்தத் திரவத்தை 1970-இல் வீட்டு உபயோகத்திலிருந்து அமெரிக்கா தடை செய்தது. படத்தில் அதைக் காட்டும் இடம் வந்தால், நிறுத்திச் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்றாவது, படம் சொல்லாமல் விட்டது. துணியை விட்டு அழுக்கு போனதோடு கதை முடிந்துவிடும். தண்ணீர் எங்கே போனது என்று ஒரு படமும் கேட்காது. 1950-களின் டிடர்ஜென்ட்டில் இருந்த கிளைச் சங்கிலி மூலக்கூறுகளை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியவில்லை. ஆறுகளில் மலைமலையாக நுரை நின்றது. 1960-களில்தான் நேர்ச் சங்கிலி வகைக்கு மாறினார்கள். டிடர்ஜென்ட்டில் சேர்த்த பாஸ்பேட் ஏரிகளில் பாசியைப் பெருக்கியது அதற்குப் பிறகு பேசப்பட்ட விஷயம். ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பெங்களூருப் பக்கத்துக் கழிவைச் சுமந்துகொண்டு தென்பெண்ணையில் வந்து, கெலவரப்பள்ளி அணை மதகில் நுரை பொங்கி நிற்பதை அது நேரிலேயே பார்த்திருக்கும்.

இதோடு யார் பணம் போட்டார்கள் என்பதும் சேரும். அமெரிக்கச் சோப்பு உற்பத்தியாளர்கள் 1927-இல் ஒரு தூய்மை நிறுவனத்தையே தொடங்கிப் பள்ளிகளுக்குப் பாடப் பொருட்கள் அனுப்பினார்கள். பிறகு வந்த படங்கள் பலவற்றிலும் விளம்பரமும் பாடமும் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன.

மொழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அமெரிக்க ஆங்கிலம், வேகமான வர்ணனை. தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு அது இன்னொரு சுவர்.

இவ்வளவும் சொன்ன பிறகு, முழுப் படமும் சிறந்த தேர்வாகும் இடங்களையும் சொல்ல வேண்டும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு, ஆசிரியர் பயிற்சி, கல்லூரி. அங்கே மேலே சொன்ன குறைகள் எல்லாம் பாடமாகிவிடும். 'இந்தப் படத்தில் விற்கப்படுவது என்ன? இன்றைக்கு எதை மாற்றிச் சொல்வோம்?' என்று கேட்டால் ஒரு மணி நேரம் போதாது. இயற்பியல் படிப்பவர்களுக்கு வேறொரு படம் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஆஷர் ஷாபிரோ முன்னின்று 1960-களில் எடுத்த பாய்ம இயக்கவியல் (திரவமும் வாயுவும் ஓடும் விதம்) பட வரிசையில் பரப்பு இழுவிசைக்கென்றே ஒரு படம் இருக்கிறது. லாயிட் டிரெஃபெதன் என்ற பேராசிரியர் ஒவ்வொன்றாகச் செய்து காட்டுகிறார். அரை மணி நேரம். சோப்பு விற்கும் நோக்கமே இல்லாத படம். பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியர்கள் தயங்காமல் போடலாம்.

## பழைய படம், ஒலியை நிறுத்தி

எனக்குப் பிடித்த வழி இது. படத்தில் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் எடுத்து, ஒலியை அணைத்து, ஆசிரியரே தமிழில் சொல்வது. இரண்டாவது தடவை ஓட்டும்போது ஒரு பிள்ளையை எழுப்பிச் சொல்லச் சொல்வது.

எந்த இரண்டு நிமிடம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குவளையில் நுரை பொங்கும் காட்சி வேண்டாம், அதை நாமே செய்துவிடலாம். நம் கண்ணால் பார்க்க முடியாததைத் தேடுங்கள். நூலிழையை நுண்ணோக்கியில் வைத்து எடுத்த காட்சி கிடைத்தால் அதை விடவே கூடாது. முதலில் எண்ணெய் இழையைச் சுற்றி மெல்லிய உறையாக ஒட்டியிருக்கும். சோப்புக் கரைசல் வந்து சேர்ந்ததும் உறையின் ஓரம் மெதுவாகப் பின்வாங்கும். எண்ணெய் அங்கங்கே திரண்டு மணிமணியாகும். ஒவ்வொரு மணியும் உருண்டு, அடிப்பக்கம் ஒடுங்கி, கடைசியில் இழையை விட்டுக் கழன்று மிதந்து போகும். சோப்பு அழுக்கைக் கரைக்கிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே நடப்பது உருட்டித் தள்ளும் வேலை. கம்பளி இழைகளில் இதைக் கவனித்து 1937-இல் எழுதியவர் ஆங்கிலேய வேதியியலாளர் என்.கே. ஆடம். இதைப் பார்த்த பிள்ளைக்கு வெந்நீரில் ஊறவைப்பதும் கசக்குவதும் ஏன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் இளகினால் சீக்கிரம் உருளும், அசைத்தால் சீக்கிரம் கழலும்.

ஒலியை அணைத்ததும் மேலே சொன்ன செலவுகளில் பாதி தீர்ந்துவிடுகிறது. வெட்கப்படுத்தும் கதை போய்விட்டது, விளம்பரக் குரல் போய்விட்டது, மொழிச் சுவர் போய்விட்டது.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு, அதை ஆசிரியர்தான் கொடுக்க வேண்டும். பத்து நிமிடப் படத்தில் சரியான இரண்டு நிமிடத்தைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போகும். பள்ளியில் இணையத்தை நம்ப முடியாது. முன்னாலேயே இறக்கிப் பென் டிரைவில் வைத்து, வகுப்பு டிவியில் அந்தக் கோப்பு ஓடுகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படம் பகல் வெளிச்சத்தில் சாம்பலாகத் தெரியும். புரொஜெக்டரைவிட டிவி மேல். ஜன்னலை மூட முடியாத வகுப்பில் நுண்ணோக்கிக் காட்சி வீண்தான்.

காப்புரிமை பற்றிக் கேட்கிறார்கள். இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்குக் காப்புரிமை வெளியான பிறகு 60 ஆண்டுகள். பள்ளி வேலையின் பகுதியாக ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் பார்க்கப் போடுவதற்குச் சட்டத்தில் விலக்கும் இருக்கிறது. வெட்டிய துண்டை யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம், அதற்கு முன் அந்தந்தப் படத்தின் உரிமைக் குறிப்பைப் படித்துவிடுங்கள்.

## புது அனிமேஷன்

பள்ளிக் கல்வித்துறை 2023-இல் வெளியிட்ட மணற்கேணி செயலியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழில் காணொலிப் பாடங்கள் உள்ளன. பாடநூல் வரிசைப்படியே போகும், சொற்களும் பாடநூல் சொற்களே. பரீட்சைக்கு இதைவிட வசதி கிடையாது. சோப்பு மூலக்கூறின் நீர் விரும்பும் தலை, நீர் வெறுக்கும் வால், வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயுமாகக் கூடி நிற்கும் மிசெல் என்று மூலக்கூறு அளவில் நடப்பதை எந்தக் கேமராவும் காட்டாது, வரைந்துதான் காட்ட முடியும்.

அந்த வசதியே ஒரு தவறான படத்தையும் மனதில் பதித்துவிடுகிறது. பொதுவாக இந்த அனிமேஷன்களில் தலைப்பிரட்டை போல வரைந்த பத்துப் பன்னிரண்டு சோப்பு மூலக்கூறுகள் ஓர் அழுக்கு உருண்டையைச் சுற்றி வட்டமாக நிற்கும். உண்மையில் அது வட்டம் இல்லை, கோளம். அதில் ஐம்பது அறுபது, சமயத்தில் இன்னும் அதிக மூலக்கூறுகள் இருக்கும். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் சோப்பு கரைந்தால்தான் மிசெல் உருவாகவே செய்யும். இந்தக் கடைசி விஷயம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது, நமக்கு முக்கியமோ அதுதான். கடினத் தண்ணீரில் முதலில் போட்ட சோப்பைக் கால்சியம் பிடித்துக்கொள்வதால் அந்த அளவை எட்டவே கூடுதல் சோப்பு வேண்டும். அதனால்தான் போர் தண்ணீர் வீட்டில் சோப்புக் கட்டி சீக்கிரம் கரைகிறது.

ஆசிரியர் விடுப்பில் இருக்கும் நாள், திருப்புதல், விட்டுப்போன பிள்ளை வீட்டில் பார்க்க: இதற்கெல்லாம் அனிமேஷன்தான். முதல் அறிமுகத்துக்கு அதை வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். நிஜத்தைப் பார்க்கும் முன் வரைந்ததைப் பார்த்த பிள்ளை, பிறகு குவளைக்குள்ளும் தலைப்பிரட்டையைத் தேடுகிறது.

## மூன்று பாட்டில் தண்ணீர்

ஒரே மாதிரியான மூன்று பிளாஸ்டிக் பாட்டில். ஒன்றில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர், ஒன்றில் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர். மூன்றிலும் ஒரே அளவு, பாதிக்கும் குறைவாக. மழைத் தண்ணீர் இல்லாத மாதத்தில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். சில ஊர்களில் ஒகேனக்கல் தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். அதனால் எது எங்கே பிடித்தது என்று விசாரித்துக்கொண்டு எடுங்கள்.

சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்துச் சொட்டுக் குப்பியில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சொட்டு, மூடிக் குலுக்கு, பார். நுரை அரை நிமிடம் நிற்கும் வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்து எண்ண வேண்டும். எண்ணிக்கையைக் கரும்பலகையில் பிள்ளைகளே எழுதட்டும்.

இங்கேதான் பல ஆசிரியர்களுக்குச் சோதனை கவிழ்கிறது. கையில் கிடைத்த நீலக்கட்டியைச் சீவிவிடுகிறார்கள். துணி துவைக்கும் கட்டி பெரும்பாலும் டிடர்ஜென்ட், அது கடினத் தண்ணீரிலும் நுரைக்கும். மூன்று பாட்டிலும் ஒன்றுபோல வந்து நிற்கும், பாடம் போய்விடும். உறையில் 'டாய்லெட் சோப்' என்றும், டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புப் பொருள்) 76 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றும் போட்டிருக்கும் முதல் தரச் சோப்பை வாங்குங்கள். 'பாத்திங் பார்' என்று இருந்தால் வேண்டாம். நீலக்கட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், அதையே இரண்டாவது சுற்றில் போட்டுக் காட்டினால் டிடர்ஜென்ட் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்ற பாடமும் முடிந்தது.

பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு வகுப்பில் போர் தண்ணீர் பாட்டிலைக் குலுக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம். நுரை இல்லை. தண்ணீர் பால் கலந்ததுபோல மங்கி, கொஞ்ச நேரத்தில் சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள் மேலே ஏறிப் பாட்டில் சுவரில் ஒட்டின. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து வந்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இது எங்க வீட்டு பக்கெட்ல வளையம் வளையமா ஒட்டிக்குமே, அந்த வெள்ளை. எங்கம்மா தேங்காநார் போட்டுத் தேச்சாலும் போகாது" என்றாள். அடுத்த பத்து நிமிடம் நான் பேசவே இல்லை. யார் வீட்டில் எந்தத் தண்ணீர், யார் வீட்டில் தலைக்கு மட்டும் ஒகேனக்கல் தண்ணீர் எடுத்து வைப்பார்கள் என்று வகுப்பே பேசியது. எந்தப் படமும் இதைத் தந்ததில்லை.

இதோடு சேர்க்க இன்னும் சில. செடியிலிருந்து பறித்த, கொட்டை நீக்கிய பஞ்சைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், அதன்மேல் இயற்கையான மெழுகு இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் போட்டால் நனைந்து இறங்கும். (மருந்துக்கடைப் பஞ்சு உதவாது, மெழுகு நீக்கியது.) துணி ஆலைகளில் நனைக்கும் திறனை அளக்க நூற்கண்டு மூழ்கும் நேரத்தைக் கணக்கிடும் சோதனையே உண்டு. அப்புறம் நூல் வளையம்: தையல் நூலை முடிந்து தண்ணீர்மேல் மிதக்கவிட்டு, வளையத்துக்குள் சோப்புக் குச்சியால் தொட்டால் கோணல்மாணலாகக் கிடந்தது சட்டென்று வட்டமாகும். ஆக்னஸ் பொக்கெல்ஸின் கதையை இங்கே சொல்லலாம். கல்லூரிக்குப் போக வழியில்லாத ஜெர்மானியப் பெண். வீட்டு வேலைக்கு நடுவே, பாத்திரம் கழுவும் தண்ணீரில் எண்ணெய்யும் சோப்பும் பரப்பை எப்படி மாற்றுகின்றன என்று கவனித்து, தகரத் தொட்டியில் தானே ஒரு கருவி செய்து அளந்தார். அவர் எழுதிய கடிதத்தை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு 'நேச்சர்' அறிவியல் இதழுக்கு அனுப்பி 1891-இல் வெளியிடச் செய்தார். அந்தத் தொட்டியின் வழிவந்த கருவிகள் இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன.

பூந்திக்கொட்டை கிடைத்தால் அதையும் ஊறவைத்துக் கொண்டுபோங்கள். அதில் நுரைப்பது சபோனின் என்ற இயற்கைப் பொருள், கால்சியத்தோடு வெள்ளைத் திரியாகாது. போர் தண்ணீரிலும் நுரைக்கும். பட்டுச் சேலைக்கு இதைப் போடும் பாட்டிகள் சரியாகத்தான் செய்தார்கள், காரம் கூடிய சோப்பு பட்டைக் கெடுக்கும். உவர்மண்ணில் முக்கி வெள்ளாவி வைப்பதும் இதே பாடம்தான்: மண்ணில் உள்ள சோடியம் கார்பனேட்டும் நீராவிச் சூடும் சேர்ந்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கின்றன. அந்த வேலையைப் பரம்பரையாகச் செய்தவர்களின் அறிவாக இதை மரியாதையோடு சொல்ல வேண்டும், பிள்ளைகளின் குடும்பத் தொழிலைக் கேட்டுச் சொல்லக் கூடாது.

செலவு? பணம் மிகக் குறைவு. நேரம்தான் அதிகம். மூன்று பாட்டில் சோதனையே ஒரு பாடவேளையைத் தின்றுவிடும், பஞ்சும் நூலும் வேண்டுமானால் இன்னொன்று. அறுபது பேர் வகுப்பில் பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. தரை வழுக்கும். கோடையில் தண்ணீரே இல்லாத பள்ளியில் பக்கெட் கணக்கில் செய்வது தப்பு, பாட்டில் போதும். ஒரு கண்டிப்பான எச்சரிக்கையும் உண்டு: சுத்தம் பற்றிய சோதனை என்றதும் ஆர்வத்தில் பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் கலந்து பார்க்கும் பிள்ளைகள் இருப்பார்கள். குளோரின் வாயு வரும், மூச்சை அடைக்கும். சோதனை தொடங்கும் முன்னேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆறு முதல் எட்டு வரை உள்ள அரசுப் பள்ளிகளுக்கு அறிவியல் சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டுவரும், 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம் இருக்கிறது. பள்ளிக்கு வரும் கருத்தாளரிடம் இந்தப் பாட்டில் சோதனையைச் சொல்லி வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | முழுப் படம் | ஒலியில்லாத் துண்டு | அனிமேஷன் | பாட்டில் சோதனை |
|---|---|---|---|---|
| உண்மைப் பொருள் தெரிகிறதா | ஆம், நிதானமாக | ஆம், நுண்ணோக்கி அளவிலும் | இல்லை, வரைந்தது | ஆம், கையிலேயே |
| அறிவியல் இன்றைக்குச் சரியா | பகுதி. திருத்திச் சொல்ல வேண்டும் | தேர்ந்தெடுத்தால் சரி | பெரும்பாலும் சரி, எளிமையாக்கியது | சரி |
| மொழி | ஆங்கிலம் | ஆசிரியரின் தமிழ் | தமிழ் | வகுப்பு பேசும் மொழி |
| நம் தண்ணீருக்கு | பொருந்தாது | பாதி | பொருந்தாது | முழுக்கப் பொருந்தும் |
| நேரம் | 10–11 நிமிடம், பேச இன்னும் அவ்வளவு | 5 நிமிடம் | 5–10 நிமிடம் | ஒரு பாடவேளை முழுக்க |
| வெளியே தெரியாத செலவு | வெட்கம், விளம்பரம் | ஆசிரியரின் சாயங்காலம் | தவறான மனப்படம் | பின்வரிசை, தரை, தவறான சோப்பு |

## யார் எதை எடுப்பது

ஒரே ஒரு பாடவேளைதான் இருக்கிறது என்றால் பாட்டில். வேறு யோசனையே வேண்டாம். எட்டாம் வகுப்புக்கு மட்டும் பாட்டிலுக்குப் பதில் பஞ்சும் நூல் வளையமும், அவர்கள் பாடம் பரப்பு இழுவிசை.

பத்தாம் வகுப்புக்கு இரண்டு பாடவேளை கிடைத்தால் முதல் நாள் பாட்டில், மறுநாள் ஒலியில்லாத் துண்டு, கடைசியில் மிசெலுக்கு மட்டும் இரண்டு நிமிட அனிமேஷன். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். பாட்டிலைப் பார்த்துவிட்டு வந்த வகுப்பு, படத்தில் நுரை பொங்கியதும் "அது எந்தத் தண்ணி சார்?" என்று கேட்கும். படத்தை முதலில் பார்த்த வகுப்பு, பாட்டிலில் நுரை வரவில்லை என்றதும் சோதனை தோற்றுவிட்டது என்று நினைக்கும். ஒரே பொருட்கள், வரிசை மாறியதும் பாடம் தலைகீழாகிவிடுகிறது.

மலைக் கிராமப் பள்ளி, மின்சாரம் நிச்சயமில்லை என்றால் கணக்கே இல்லை: பாட்டில், கரும்பலகை. ஆங்கிலவழி மேல்நிலை வகுப்பு, நல்ல அறை, பேச விரும்பும் ஆசிரியர் இருந்தால் முழுப் படத்தைத் தைரியமாகப் போடுங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் என்றால் படம் முடிந்ததும் கெலவரப்பள்ளி நுரையிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். அரசுப் பள்ளிகளில் நடக்கும் சிறார் திரையிடலோடு இதைச் சேர்க்க நினைப்பவர்கள் கதைப் படத்தைத் தவிர்த்துச் சோதனைக்கூடப் படமாகப் பாருங்கள்.

அறுபது பேர் வகுப்பு, ஒரு டிவி, பின்வரிசைக்கு எட்டாது என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி, பாட்டிலுக்கு நெருக்கமாக வைத்து, டிவியோடு இணைத்துவிடுங்கள். வெள்ளைத் துணுக்கு மேலேறுவது கடைசி பெஞ்சுக்கும் தெரியும். அப்படியே பதிவும் செய்துகொள்ளுங்கள். பின்னால் கறுப்பு அட்டை ஒன்றை நிறுத்தினால் துணுக்குகள் பளிச்சென்று விழும். வர்ணனையைப் பிள்ளைகளே பேசட்டும், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பாட்டிலிலும் எந்த ஊர், எந்தத் தெருக் குழாய், போர் என்றால் எத்தனை அடி என்று எழுதி ஒட்டிவிட்டுப் படம் பிடியுங்கள். அடுத்த வருஷம் பக்கத்து ஊர்ப் பள்ளி கேட்டால் கொடுக்க வசதியாக இருக்கும்.